‘எதற்கு’ என்னும் வினாவின் இலக்கணம்: தமிழ் உயிரியல் வினா–விடை எழுத்து குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

உயிரியல் குறித்துப் பொதுவாசகர் எழுப்பும் ஐயங்களுக்கு விடையளிக்கும் எழுத்து தமிழில் ஒரு தனிவகையாக நிலைபெற்றுள்ளது. இவ்வகை எழுத்து இதுவரை பெரும்பாலும் கலைச்சொல் நோக்கிலும் செய்திப்பிழை நோக்கிலும் மதிப்பிடப்பட்டு வந்திருக்கிறது. விடையின் வாக்கிய அமைப்பே உயிரியல் கருத்தைத் திரிக்கக்கூடும் என்பதை இக்கட்டுரை நன்னூலின் வினா–விடைப் பாகுபாட்டையும் வேற்றுமைப் பொருள்களையும் துணைக்கொண்டு ஆராய்கிறது. சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ தொடரின் தலைப்பும், சென்னைக் கடற்கரையின் கடலாமை நடையும், காசநோய் மருத்துவமும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், வினா–விடை, நான்காம் வேற்றுமை, ஏதுப்பொருள், துணைவினை, தகவமைப்பு, சுஜாதா

வினாவுக்கு முன்னிருந்த கட்டுரை

தமிழில் அறிவியலைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்ன தொடக்க கால எழுத்து வினா–விடை வடிவில் அமையவில்லை. வழக்கறிஞராகிய பெ.நா. அப்புஸ்வாமி 1917இல் ‘தமிழர் நேசன்’ இதழில் அறிவியல் கட்டுரை எழுதத் தொடங்கினார். 1932இல் மயிலாப்பூரில் தோன்றிய ‘கலைமகள்’ போன்ற இதழ்கள் அவ்வகைக் கட்டுரைக்கு இடமளித்தன. அக்கட்டுரையில் எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்பதை ஆசிரியரே முடிவு செய்தார். வாசகர் கேட்காததையும் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த கலைக்களஞ்சியமும் இதே முறையினது. அதில் வாசகர் சொல்லைத் தேடிச் செல்கிறார், வினாவோடு செல்வதில்லை.

வார இதழ்கள் பெருகிய பின்னர் வடிவம் மாறியது. வாசகரின் அஞ்சலட்டை கட்டுரையின் முதல் வரியானது. இம்மாற்றத்தின் சிறப்பை உணர நன்னூலாரின் வினா வகைகள் உதவுகின்றன. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அவர் ஆறு கூறுகிறார். வகுப்பறையில் நிகழ்வது அறிவினா. விடை தெரிந்த ஆசிரியர் தெரியாத மாணவரிடம் கேட்கிறார். இதழின் வினா–விடைப் பகுதி இதைத் தலைகீழாக்குகிறது. அங்கே அறியாதவரே கேட்கிறார், கேட்டதற்காக மதிப்பும் பெறுகிறார். ‘இந்து தமிழ்’ நாளிதழின் ‘மாயா பஜார்’ இணைப்பில் வரும் ‘டிங்குவிடம் கேளுங்கள்’ பகுதியில் வினாவோடு கேட்ட சிறாரின் பெயரும் ஊரும் அச்சாவதற்கு இது காரணம் எனலாம். அறியாமைக்குப் பெயரும் ஊரும் தந்து அதை மதிப்புக்குரியதாக்குவது தமிழ்ப் பள்ளிக்கல்வி செய்யத் தவறிய பணி.

ஐயவினாவின் கதை வேறு. கிண்டியில் 1972 முதல் இயங்கிவரும் பாம்புப் பூங்காவில் பார்வையாளர் கேட்பவற்றில் பெரும்பகுதி ஐயவினாவே. பாம்பு பால் குடிக்குமா, மகுடிக்கு ஆடுமா, பழிவாங்குமா என்பன அவை. இவற்றுக்கு நன்னூலார் கூறும் மறைவிடை, அதாவது ‘இல்லை’ என்னும் விடை, செய்தியளவில் போதுமானது. பாம்புக்குப் புறச்செவி கிடையாது. அது மகுடியின் அசைவைத் தொடர்கிறதேயன்றி இசையில் மயங்குவதில்லை. இத்தகைய மறுப்பில் மொழி அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. ‘ஆமா, இல்லையா’ என்னும் எல்லையைத் தாண்டி ‘ஏன்’ என்று வினவும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு தலைப்பின் மூன்று சொற்கள்

‘ஜூனியர் விகடன்’ இதழில் தொடராக வந்து, பின்னர் இரு பாகங்களாக நூலுருப் பெற்ற சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ இவ்வகை எழுத்தின் உச்சமாகக் கருதப்படுகிறது. அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றமைக்காக நடுவண் அரசின் அறிவியல் பரப்புக் குழு 1993இல் அவருக்கு விருது அளித்தது. அக்கருத்தையும் விருதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தொடரின் செல்வாக்கைப் பற்றி எழுதியோர் அதன் தலைப்பை ஓசைநயம் கருதி அமைந்த அடுக்கு என்ற அளவில் கடந்து சென்றுவிடுகின்றனர். உயிரியலைப் பொறுத்தவரை அத்தலைப்பு ஒரு வகைப்பாடாகவே நிற்கிறது.

எர்ன்ஸ்ட் மேயர் 1961இல் எழுதிய கட்டுரையொன்றில் உயிரியலில் காரணம் என்பது இரு தளங்களில் பேசப்படுவதை வேறுபடுத்திக் காட்டினார். உடலுக்குள் இப்போது இயங்கும் அண்மைக் காரணம் ஒன்று. தலைமுறைகளின் வரலாற்றில் அமைந்த சேய்மைக் காரணம் மற்றொன்று. நிக்கோ டின்பெர்கன் 1963இல் இதனை நான்கு வினாக்களாக விரித்தார். இயக்கம் எவ்வாறு நிகழ்கிறது, தனியுயிரின் வளர்ச்சியில் எவ்வாறு உருவாகிறது, அதனால் விளையும் பயன் யாது, மரபு வரலாற்றில் எவ்வாறு தோன்றியது என்பன அவை. தமிழின் ‘எப்படி’ முதல் இரண்டையும், ‘எதற்கு’ மூன்றாவதையும் தழுவுகின்றன. ‘ஏன்’ நான்கையும் ஒருங்கே கேட்டுவிடும் பரந்த சொல். ‘ஏன்’ என்று கேட்கும் வாசகருக்கு எந்தத் தளத்தில் விடை தருவது என்பதை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வு பெரும்பாலும் அறியாமலே நிகழ்கிறது.

சுஜாதா இயற்பியலும் பின்னர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றவர். பெங்களூரில் பொறியாளராகப் பணியாற்றி, ஓய்வுக்குப்பின் மயிலாப்பூரில் வாழ்ந்து 2008இல் மறைந்தவர். பொறியாளருக்கு ‘எதற்கு’ என்பது முற்றிலும் நேர்மையான வினா. ஒரு மின்சுற்றில் மின்தடை எதற்கு இருக்கிறது என்றால், அதை அங்கே வைத்தவரின் நோக்கமே விடை. உயிருடலில் அவ்வாறு வைத்தவர் எவருமில்லை என்பதே டார்வினுக்குப் பிந்தைய உயிரியலின் அடிப்படை. நம் மரபுத் தருக்கத்தில் குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். குயவர் இல்லாமலே குடம் அமையக்கூடும் என்பதை விளக்குவதுதான் உயிரியல் எழுத்தாளரின் கடினமான வேலை. மூளை பற்றிய தம் நூலுக்குச் சுஜாதா ‘தலைமைச் செயலகம்’ என்று பெயரிட்டார். கவர்ச்சியான பெயர், புனித ஜார்ஜ் கோட்டையை அறிந்த வாசகருக்கு உடனே விளங்கும் பெயர். எனினும் அவ்வுருவகம் மேலிருந்து ஆணையிடும் ஒருவரை மூளைக்குள் அமர்த்திவிடுகிறது. நரம்புக் கூட்டங்கள் பரந்து ஒருங்கியங்கும் உறுப்புக்கு அது முழுமையாகப் பொருந்தாது. பொறியியல் உருவகங்கள் ‘எப்படி’ என்னும் வினாவுக்கு ஒளியூட்டுகின்றன. ‘ஏன்’ என்பதற்கு அவற்றால் தரக்கூடிய விடை பெரும்பாலும் ‘எதற்கு’ என்பதாகவே சுருங்கிவிடுகிறது.

உருபும் துணைவினையும்

‘எதற்கு’ என்பது ‘எது’ என்னும் வினாப்பெயர் நான்காம் வேற்றுமை ஏற்ற வடிவம். கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என நான்கனுருபின் பொருள்களை நன்னூல் அடுக்குகிறது. இவற்றுள் உயிரியல் விடையில் இயங்குவது ‘பொருட்டு’. காரணத்தைச் சுட்டும் ஏதுப்பொருள் ஐந்தாம் வேற்றுமைக்கு உரியது; கருவியும் கருத்தாவும் மூன்றாவதற்கு உரியன. ஆக, ‘எதனால்’ என்று மூன்றாவதிலோ ஏதுப்பொருளிலோ விடை வேண்டும் இடத்தில் நான்காவதில் விடை தருவது வேற்றுமை மயக்கம் மட்டுமன்று. அறிவியல் மயக்கமும் ஆகும்.

பின்வரும் வாக்கியங்கள் எந்த ஒரு நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. பாடநூலிலும் இதழிலும் பேச்சிலும் ஊறிப்போன வாய்பாடுகள். ‘உயரத்திலுள்ள இலைகளை உண்பதற்காக ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது.’ ‘எதிரியிடமிருந்து தப்பிப்பதற்காகப் பச்சோந்தி தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது.’ ‘பாலைவனச் செடிகள் வறட்சிக்கு ஏற்பத் தம்மைத் தகவமைத்துக்கொள்கின்றன.’ முதல் வாக்கியம் 1809இல் லாமார்க் முன்வைத்த கருத்துக்கு மிக அருகில் நிற்கிறது. எழுதியவர் டார்வினை ஏற்பவராகவே இருக்கலாம். ‘பொருட்டு’ அவரை லாமார்க்கிடம் கொண்டு சேர்த்துவிடுகிறது.

இரண்டாம், மூன்றாம் வாக்கியங்களில் உருபோடு ‘கொள்’ என்னும் துணைவினையும் சேர்கிறது. தமிழில் ‘கொள்’ பெரும்பாலும் வினையின் பயன் செய்தவரையே சேர்வதைக் குறிக்கும். ‘எழுதினான்’ என்பதற்கும் ‘எழுதிக்கொண்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. இத்துணைவினை எப்போதும் விருப்பத்தைக் குறிக்கும் என்று வாதிட இயலாது. ‘தீப்பற்றிக்கொண்டது’ என்பதில் கூரைக்கு விருப்பம் ஏதுமில்லை. ஆயினும் எழுவாய் உயிருள்ளதாகவும் வினை செயப்படுபொருள் குன்றாததாகவும் இருக்கையில், முயற்சியும் தற்பயனும் வாக்கியத்துக்குள் நுழைவதைத் தவிர்ப்பது கடினம். ‘தம்மைத் தகவமைத்துக்கொள்கின்றன’ என்பதில் செடி செய்பவராகவும் செய்யப்படுபொருளாகவும் பயன்பெறுபவராகவும் மூன்று வேடம் ஏற்கிறது. உண்மையில் எந்தத் தனிச் செடியும் தன்னை அமைத்துக்கொள்ளவில்லை. வேறுபாடுகளோடு பிறந்த பலவற்றுள் சில கூடுதலாக விதை விட்டன. அவற்றின் வழி வந்தவை பெருகின. மாறியது கூட்டத்தின் விகிதம். தமிழ் வாக்கியமோ மாற்றத்தைத் தனியுயிரின் கணக்கில் எழுதுகிறது.

பச்சோந்தி தமிழில் உயிரியலுக்கு வருமுன்பே வசைச்சொல்லாக வந்துவிட்டது. கட்சி மாறுபவரைக் குறிக்கும் சொல்லில் சூழ்ச்சி ஏற்கெனவே அடங்கியுள்ளது. ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, அதன் தோலணுக்களிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் எதிரொளிக்கும் நிறம் மாறுவதை விளக்கியது. ஆண்களின் போட்டி, இணைதேடல், உடல் வெப்பம் ஆகியன நிறமாற்றத்தில் பெரும்பங்கு வகிக்கின்றன; ஒளிந்துகொள்வது மட்டுமே அதன் வேலை என்பது தவறு. இந்த விடையைச் சொல்லத் தமிழில் வழி இல்லாமல் இல்லை. ‘நிறத்தை மாற்றிக்கொள்கிறது’ என்பதை ‘நிறம் மாறுகிறது’ என்றாலே பாதி வேலை முடிகிறது. மாறு–மாற்று, திரும்பு–திருப்பு என்று தன்வினையும் பிறவினையும் ஓரெழுத்தில் பிரியும் மொழி இது. செய்பவர் இல்லாத நிகழ்ச்சியைச் சொல்ல இதைவிட வாய்ப்பான அமைப்பு வேண்டியதில்லை. எனவே பழியை மொழியின் மேல் சுமத்துவது பொருந்தாது. ஆங்கிலப் பொது அறிவியல் எழுத்தும் இதே குழியில் விழுந்து எழுந்ததே.

மேலும், ‘எதற்கு’ முழுவதும் விலக்கத்தக்கதும் அன்று. ‘இதயம் எதற்கு இருக்கிறது?’ ‘இரத்தத்தை இறைப்பதற்கு.’ இவ்விடையில் பிழையில்லை. அது உறுப்பின் பணியைக் கூறுகிறது, தோற்றத்தைக் கூறவில்லை. பணி குறித்த விடையைத் தோற்றம் குறித்த வினாவுக்கு மாற்றி வைப்பதே குற்றம். நன்னூலாரின் எண்வகை விடைகளுள் உற்றதுரைத்தல், உறுவது கூறல் என்னும் இரண்டு இங்கே நினைக்கத்தக்கன. ‘ஆடுவாயா?’ என்றதற்குக் ‘கால் வலித்தது’ என்பது முன்னது. ‘கால் வலிக்கும்’ என்பது பின்னது. இவ்விரண்டும் குறிப்பால் விடையாகக் கொள்ளப்படுவன. பேசுவோர் தம்மைப் பற்றிச் சொல்வன. அவற்றை உயிரியலுக்கு நீட்டுவது ஒப்புமை அளவில்தான் பொருந்தும். அவ்வளவில், மரபு வரலாறு உற்றதை உரைப்பது. ‘பொருட்டு’ விடையோ உறப்போவதைக் கூறி உற்றதை விட்டுவிடுவது.

ஆமைக் குஞ்சும் தெருவிளக்கும்

இவ்வேறுபாடு ஏட்டளவிலான நுணுக்கம் என்று தோன்றலாம். அடையாற்றின் கழிமுகத்திற்குத் தெற்கே சென்றால் அது மணலில் காணக்கிடைக்கும். 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் ஆண்டுதோறும் சனவரி முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் இரவில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைப் பொரிப்பகத்திற்கு மாற்றுகின்றனர். பொதுமக்களும் உடன் நடக்க இயலும். தமிழில் உயிரியல் வினா–விடை அச்சுக்கு வெளியே, வாய்மொழியாக, பொருளைக் கண்முன் வைத்துக்கொண்டு நிகழும் அரிய களம் இது.

முட்டையிடும் ஆமையின் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்தோர் ‘ஏன் அழுகிறது?’ என்பர். பிள்ளையைப் பிரியும் தாயின் துயரம் என்ற விடை எளிதில் வாய்க்கும். கடல்நீரோடு உட்புகும் உப்பைக் கண்ணருகிலுள்ள சுரப்பி வெளியேற்றுவதே அது; கடலுக்குள் இருக்கும்போதும் நிகழ்கிறது, கரையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே துயர விடையால் ஆமைக்குத் தீங்கில்லை, இரக்கம் மிகுதலும்கூடும்.

குஞ்சுகளின் நிலை அவ்வாறன்று. ‘குஞ்சு ஏன் கடலை நோக்கி ஓடுகிறது?’ என்பதற்கு ‘கடலுக்குச் செல்வதற்காக’ என்பது பொருட்டு விடை. வினாவையே திருப்பித் தரும் இவ்விடையைக் கேட்டு அமைதி அடைவோர் பலர். ஏது விடை வேறு: இரவில் குஞ்சு ஒளிமிகுந்த தாழ்ந்த அடிவானத்தை நோக்கி நகர்கிறது. மணற்கரையின் நீண்ட வரலாற்றில் அந்த ஒளி கடற்பக்கமாகவே இருந்தது. அவ்வாறு நகர்ந்தவை பிழைத்தன. இப்போது கரையோரச் சாலையின் விளக்குகள் கடலைவிட ஒளிர்வதால் குஞ்சுகள் சாலைக்கு வருகின்றன.

முதல் விடையை ஏற்றவருக்குச் சாலையில் கிடக்கும் குஞ்சு வழிதவறிய, அறிவற்ற ஒன்று. அதைத் தூக்கிக் கடலில் விடுவதோடு அவர் கடமை முடிகிறது. இரண்டாம் விடையைக் கேட்டவருக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். பெசன்ட் நகர்க் கடற்கரை விளக்குகளைப் பொரிக்கும் பருவத்தின் இரவுகளில் அணைத்து வைக்குமாறு எழுந்த கோரிக்கை இந்த ஏதுவின்மேல் நிற்பதே. நான்காம் வேற்றுமையில் சொல்லப்பட்ட விடையிலிருந்து அக்கோரிக்கை பிறந்திருக்காது.

2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, ஊரே ‘ஏன்’ என்று கேட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. கடலில் வாழும் உயிர் கடலில் எப்படி மூழ்கிச் சாகும் என்ற ஐயம் பலருக்கு உண்டு. ஆமைக்கு இருப்பது செவுள் அன்று, நுரையீரல். இழுவை வலையில் சிக்கி நெடுநேரம் மேலெழ இயலாதபோது மூச்சடைத்து இறக்கிறது. இந்த ஒரு வரி உயிரியல் தெரியாதபோது, ஆமை வெளியேறும் அமைப்பை வலையில் பொருத்தும் விதி எதற்கென்றே மீனவருக்கும் மீன் வாங்குபவருக்கும் விளங்காது.

‘மருந்து பழகிப்போச்சு’

மனித உடலைப் பற்றிய வினாக்களில் இழப்பு இன்னும் பெரிது. ‘அடிக்கடி சாப்பிட்டதால் அந்த மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது’ என்பது சென்னையின் எந்த மருந்துக்கடையிலும் கேட்கக்கூடிய பேச்சு. இதைத் திருத்த முனையும் கேள்வி–பதில் பகுதிகள் ‘பழகுவது உடம்பு அல்ல, கிருமி, கிருமிகள் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன’ என்று எழுதுகின்றன. எழுவாய் திருந்தியது, பயனிலை திருந்தவில்லை. ‘கற்றுக்கொள்’ என்னும் சொல்லில் பள்ளிக்கூடமே வந்துவிடுகிறது.

லூரியாவும் டெல்புரூக்கும் 1943இல் நடத்திய சோதனை, பாக்டீரியாவை அழிக்கும் நச்சுயிரியை எதிர்க்கும் திறன் அந்நச்சுயிரியைச் சந்தித்தபின் உண்டாவதன்று என்பதைக் காட்டியது. சந்திப்பதற்கு முன்பே சில பாக்டீரியாக்களில் தற்செயலான மாற்றத்தால் அத்திறன் அமைந்துவிடுகிறது. மருந்துக்கும் இது பொருந்தும். மருந்து எதிர்ப்பைக் கற்பிப்பதில்லை. எதிர்ப்பு இல்லாதவற்றைக் கொன்று, உள்ளவற்றுக்கு இடத்தைக் காலிசெய்து தருகிறது. காசநோய்க்கு ஒரே மருந்தைத் தராமல் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதன் காரணம் இதிலிருந்துதான் விளங்கும்: ஒன்றை எதிர்ப்பது மற்றொன்றால் மடியும், இரண்டையும் ஒருங்கே எதிர்ப்பது மிக அரிது. 1956இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ மையம் நடத்திய ஆய்வு 1959இல் வெளிவந்தது. மருந்துச் சேர்க்கையை வீட்டிலிருந்தபடியே ஓராண்டு உட்கொண்டவர்களும் மருத்துவமனையில் தங்கி உட்கொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்று அது நிறுவியது. உலகின் காசநோய் மருத்துவத்தையே மாற்றிய ஆய்வு அது. வீட்டில் மருந்துண்பவர் நடுவில் நிறுத்திவிடாமல் இருப்பது அதன் உயிர்நாடி. ‘உடம்புக்குப் பழகிவிடும்’ என்று அஞ்சுபவர், இருமல் குறைந்ததும் மாத்திரையை நிறுத்துவதே அறிவுடைமை என்று எண்ணக்கூடும். அவருடைய தருக்கத்தில் பிழையில்லை; அவருக்குத் தரப்பட்ட வாக்கியத்தில்தான் பிழை.

எல்லா நோய்த்தொற்றுக்கும் மருந்தை நீண்ட நாள் உட்கொள்வதே நல்லது என்பதும் இப்போது கேள்விக்குள்ளாகியுள்ளது. பல தொற்றுகளுக்குக் குறுகிய கால மருத்துவமே போதும் என்று மருத்துவர்கள் முடிவுசெய்து வருகின்றனர். பழகுதல், கற்றல் என்னும் சொற்களில் பழைய அறிவுரையையும் விளக்க முடியாது, புதியதையும் விளக்க முடியாது. கொல்லுதல், எஞ்சுதல், பெருகுதல் என்னும் வினைகளால் இரண்டையும் விளக்கலாம்.

இதற்கு எதிராக எழக்கூடிய தடை ஒன்று உண்டு. இதழின் வினா–விடைப் பகுதியில் ஒரு வினாவுக்குக் கிடைப்பது சிறிய இடம். ‘கற்றுக்கொள்கின்றன’ என்று ஒரே சொல்லில் முடிவதை மூன்று வாக்கியமாக்கினால் அடுத்த வாசகரின் கேள்வி அச்சேறாது. இத்தடை உண்மையானது. சுஜாதாவின் நடை வாசகரை ஈர்த்ததற்குச் சுருக்கம் முதற்காரணம் என்பதும் உண்மை. ஆனால் ‘மருந்து கொன்றவை போக எஞ்சிய கிருமிகள் பெருகிவிட்டன’ என்ற வாக்கியத்தில் ஆறு சொற்களே உள்ளன. அதில் நான்கனுருபும் இல்லை, ‘கொள்’ளும் இல்லை.